‘நேரம் கிடைக்கும்போது பாருங்கள்’ என்றால் எப்போது?

‘நேரம் கிடைக்கும்போது இந்த அறிக்கையை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.’ மேலாளர் அனுப்பும் இந்த ஒரு வரிக்குள் எத்தனை செய்திகள் ஒளிந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அனுப்பியவர் துறைத்தலைவர் என்றால் இன்று மாலைக்குள் என்று பொருள். வெள்ளிக்கிழமை பிற்பகல் வந்தால் திங்கள் காலை. ‘ஒரு பார்வை’ என்பது எழுத்துப்பிழை திருத்துவதா, கணக்கைச் சரிபார்ப்பதா, முடிவே தவறு என்று சொல்லும் அளவுக்குப் போகலாமா? எதுவும் எழுதப்படவில்லை. ஆனாலும் பெரும்பாலோர் இதைச் சரியாகப் படித்துவிடுகிறார்கள். தாங்கள் எதையோ ஊகித்தோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை. கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு, உண்மையிலேயே நேரம் கிடைத்த வியாழக்கிழமை அன்று அறிக்கையைத் திறக்கும் ஊழியர் ‘பொறுப்பில்லாதவர்’ என்று பெயர் வாங்குகிறார். சொன்னதைச் சொன்னபடி செய்தவர் அவர் ஒருவர்தான்.

பெரும்பாலான அலுவலகங்கள் வேலைக்குச் சம்பளம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு குறிப்பறியும் திறமைக்கும் சேர்த்தே மதிப்பெண் போடுகின்றன. யார் பேச்சை யார் இடைமறிக்கலாம், எந்தக் கூட்டத்தில் உண்மையான முடிவு எடுக்கப்படுகிறது, ‘நல்ல யோசனை, பார்க்கலாம்’ என்றால் அது நிராகரிப்பா இல்லையா என்பதெல்லாம் எந்தப் பணி விதியிலும் கிடையாது. ஆட்டிசம் (பிறரோடு பழகும் விதமும் புலனுணர்வும் வேறுபடும் நிலை), ஏடிஎச்டி எனப்படும் கவனச் சிதறல் நிலை, டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்), டிஸ்பிராக்சியா (உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம்), டூரெட் (கட்டுப்பாடின்றி வரும் உடல் துடிப்புகளும் ஒலிகளும்) போன்ற நரம்பியல் வேறுபாடுகள் உள்ளவர்கள் பணியிடத்தில் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த எழுதாத விதிகளிலிருந்து வருகிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். விழிப்புணர்வு நாள் கொண்டாடி, வண்ணச் சுவரொட்டி ஒட்டி, சிறப்புரை ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டு, மறுநாள் காலை அதே மங்கலான மின்னஞ்சலை அனுப்பும் நிறுவனத்தில் எதுவும் மாறியிருக்காது.

நரம்பியல் பன்மை என்ற கருத்தின் பிறப்பே இங்கே கவனிக்கத்தக்கது. 1990களில் ஆட்டிசம் உள்ளவர்கள் இணையத்தில் தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்து திரண்டு வந்த சிந்தனை அது. 1998இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜூடி சிங்கரின் ஆய்வேட்டிலும், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹார்வி புளூமின் கட்டுரையிலும் அந்தப் பெயர் எழுத்தில் பதிவானது. மூளைகள் பலவிதமாக அமைவது மனித இனத்தின் இயல்பு, அவற்றில் ஒரு வகையை மட்டும் அளவுகோலாக வைத்து மற்றவற்றைப் பழுது என்று தள்ளக்கூடாது என்பது அதன் சாரம். மருத்துவர்களோ மனிதவளத் துறையினரோ உருவாக்கியதல்ல. பிற்காலத்தில் நிறுவனங்கள் இதைக் கையிலெடுத்தபோது, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமலே திட்டம் தீட்டும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

இந்த நிலைகள் தனித்தனிப் பெட்டிகளில் அடங்குவதுமில்லை. ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் ஒன்று இருந்தால் மற்றொன்றைக் குறிக்க இடமில்லை. ஆகவே இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் பல ஊழியர்களுக்குச் சிறு வயதில் சரியான பெயரே சொல்லப்பட்டிருக்காது. ‘சோம்பேறி’, ‘முரடு’, ‘கவனமில்லாதவள்’ என்ற பட்டங்களோடு வளர்ந்தவர்கள் அவர்கள். சான்றிதழ் காட்டினால்தான் வசதி என்று ஒரு நிறுவனம் சொன்னால், இவர்களில் பாதிப்பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

இருபுறப் புரியாமை

நீண்ட காலமாக, ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்ற எண்ணமே ஆய்வுலகில் கோலோச்சியது. 2012இல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் அதைத் திருப்பிப் போட்டார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். புரியாமை இருபுறமும் இருக்கிறது, மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவர்களின் மனம் பிடிபடுவதில்லை, ஆனால் பழி மட்டும் சிறுபான்மையின் தலையில் விழுகிறது என்றார்.

இதைச் சோதிக்க எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. எட்டுப் பேரை வரிசையாக வைத்து, ஒருவர் காதில் ஒரு கதையைச் சொல்லி, அது கடைசி ஆள்வரை எவ்வளவு சேதாரத்துடன் போய்ச் சேர்கிறது என்று பார்த்தார்கள். முழுக்க ஆட்டிசம் உள்ளவர்களைக் கொண்ட வரிசை, முழுக்க இல்லாதவர்களைக் கொண்ட வரிசை இரண்டும் ஒரே அளவுக்குக் கதையைக் காப்பாற்றின. கலந்து நின்ற வரிசையில்தான் அதிகம் உதிர்ந்தது. 2025இல் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வில் கலப்பு வரிசையின் அந்தச் சரிவு தென்படவில்லை. ஆனால் தகவலைக் கடத்துவதில் ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல என்பது மறுபடி உறுதியானது. ‘தகவல் தொடர்புத் திறன் போதாது’ என்று ஆண்டு மதிப்பீட்டில் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் மேலாளர்கள் இந்த இரண்டு ஆய்வுகளையும் ஒருமுறை படிக்கலாம்.

நேர்காணலுக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு இன்னொன்று உண்டு. நோவா சாசனும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்டது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில வினாடிப் பதிவுகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள். யாருக்கு என்ன நிலை என்று சொல்லவில்லை. படமாகவோ குரலாகவோ பார்த்துக் கேட்டவர்கள், ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றிச் சில நொடிகளிலேயே சாதகமற்ற எண்ணத்துக்கு வந்தார்கள். அவர்களோடு பழக விருப்பம் குறைவு என்றார்கள். அவர்கள் பேசியதை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்தப் பாகுபாடு மறைந்துவிட்டது. பேச்சின் சரக்கில் குறை இல்லை. கண் எங்கே பார்க்கிறது, குரல் எப்படி ஏறி இறங்குகிறது, கை என்ன செய்கிறது என்பவற்றுக்கே மதிப்பெண் போனது.

இப்போது ஒரு வழக்கமான நேர்காணலை நினைத்துப் பாருங்கள். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், கைகுலுக்கல் உறுதியாக இருக்க வேண்டும், ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற எல்லையற்ற கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் சுவையாகப் பதில் வர வேண்டும். பிறந்ததிலிருந்து தொடங்குவதா, கடைசி வேலையிலிருந்தா, பொழுதுபோக்கையும் சேர்ப்பதா? கேட்டவருக்கே தெளிவில்லை. ‘ஐந்து ஆண்டுகளில் எங்கே இருப்பீர்கள்?’ என்பதற்கு நேர்மையான பதில் ‘தெரியாது’ என்பதுதான். அதைச் சொல்பவர் தோற்கிறார். கணக்குப் பதிவேட்டில் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு நடிப்புத் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் வழக்கம் எப்படி இவ்வளவு காலம் கேள்வி கேட்கப்படாமல் ஓடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மாற்று வழிகள் புதியவை அல்ல. டென்மார்க்கில் தோர்கில் சோன் என்பவர், தம் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, 2004இல் ஸ்பெஷலிஸ்டர்ன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மென்பொருள் சோதனை போன்ற வேலைகளுக்கு ஆட்டிசம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுப்பது அதன் தொழில். நேர்காணலில் பேசவைப்பதைவிட, லெகோ ரோபோக்களைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லித் திறமையை அறிந்தார்கள். ஜெர்மனியின் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி 2013இல் அவர்களோடு சேர்ந்து ஆட்டிசம் உள்ளவர்களுக்கான பணியமர்த்தல் திட்டத்தை அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் 2015இல் தொடங்கியது. வேறு பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

இவற்றின் பயனை மறுக்கவில்லை. ஆனால் இத்திட்டங்களுக்கு ஒரு நிழலும் உண்டு. தனி வாசல் வழியாக வந்தவர்களுக்குத் தனி மேசை, தனி வழிகாட்டி, ஹெட்போன் எல்லாம் கிடைக்கின்றன. அதே கட்டடத்தில் பத்தாண்டுகளாக, யாரிடமும் சொல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்யும் ஏடிஎச்டி உள்ள ஊழியருக்கு எதுவும் கிடைப்பதில்லை. முழு நிறுவனத்தின் பணியமர்த்தல் முறை பழையபடி தொடர, ஓரத்தில் மட்டும் ஒரு நல்ல முறை நடக்கிறது. கேள்விகளை முன்கூட்டியே கொடுப்பதும், செய்துகாட்டும் தேர்வு வைப்பதும் நல்லவை என்றால் அவை ஏன் எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் இல்லை? பிரிட்டனில் ராபர்ட் பக்லண்ட் தலைமையில் 2024 பிப்ரவரியில் வெளியான அரசு ஆய்வறிக்கையின்படி, வேலை பார்க்கும் வயதில் உள்ள ஆட்டிசம் கொண்டவர்களில் 10 பேருக்கு ஏறக்குறைய 3 பேர்தான் வேலையில் இருந்தார்கள். சில நூறு இடங்களை ஒதுக்கும் திட்டங்களால் அடைபடும் இடைவெளி அல்ல இது.

முகமூடியின் செலவு

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தங்கள் நிலையை ஏன் சொல்வதில்லை? சொன்னால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பாராட்டாக ஆரம்பித்து, ‘அவருக்கு அழுத்தம் தாங்காது, அந்தப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுங்கள்’ என்று முடியும். ஆகவே மறைக்கிறார்கள். கண்ணைப் பார்ப்பதற்குப் பதில் புருவங்களுக்கு நடுவே பார்ப்பது, சிரிக்க வேண்டிய இடத்தை மற்றவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வது, தொலைபேசி உரையாடலை முன்பே எழுதி வைத்துக்கொண்டு பேசுவது, டூரெட் உள்ளவர் கூட்டம் முடியும்வரை உடல் துடிப்புகளை அடக்கிவைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுவது. டிஸ்லெக்சியா உள்ளவர் இரண்டு வரி மின்னஞ்சலை அனுப்புமுன் ஏழெட்டு முறை படித்துப் பார்ப்பார். இதை முகமூடி அணிதல் என்கிறார்கள். ஆய்வாளர்கள் இதைக் களைப்போடும் பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் தொடர்புபடுத்துகிறார்கள். நிறுவனத்தின் பார்வையில் அவர் ‘நன்றாகத்தான் இருக்கிறார்’. ஒருநாள் திடீரென்று ராஜினாமாக் கடிதம் வரும். எல்லோரும் அதிர்ச்சி அடைவார்கள்.

எனவே வெளிப்படையாகச் சொல்லும் துணிச்சலை ஊழியரிடம் எதிர்பார்ப்பது தலைகீழ் வழி. சொல்லாமலே வாழமுடிகிற இடமாக அலுவலகம் முதலில் இருக்க வேண்டும். அதற்கான பல மாற்றங்களுக்கு யாருடைய நோயறிதல் சான்றிதழும் தேவையில்லை.

முதல் மாற்றம் சொல்லும் முறையில். மேலே பார்த்த அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். ‘இணைத்துள்ள அறிக்கையின் 4ஆம் பகுதியில் உள்ள எண்களை மூல அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொழிநடையைத் திருத்த வேண்டாம். புதன் பகல் 3 மணிக்குள் வேண்டும்; முடியாது என்றால் இன்றே சொல்லுங்கள். இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையைவிட இது முக்கியம்.’ எழுத ஒரு நிமிடம் கூடுதலாகும். இதைப் பெறுபவர் யாராக இருந்தாலும், புதிதாகச் சேர்ந்தவரோ, அந்த மொழியை இரண்டாம் மொழியாகப் பேசுபவரோ, வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் வந்தவரோ, ஊகிக்க வேண்டியதில்லை. இப்படி எழுத மறுக்கும் மேலாளர்கள் பலரிடம் நான் காணும் காரணம் நேரமின்மை அல்ல. தமக்கே என்ன வேண்டும் என்று முடிவு செய்திருக்க மாட்டார்கள். தெளிவாக எழுத உட்கார்ந்தால் அது வெளிப்பட்டுவிடும்.

கூட்டங்களுக்கும் இதே கதை. நிகழ்ச்சி நிரல் முதல் நாளே கைக்கு வர வேண்டும். பேச்சில் உடனே பதில் வராதவர்கள் கூட்டத்துக்குப் பிறகு எழுதி அனுப்பலாம், அதற்கும் சம மதிப்பு உண்டு என்று சொல்ல வேண்டும். முடிவு எடுக்குமுன் அதற்கு ஒருநாள் விட வேண்டும். வீடியோ கூட்டத்தில் கேமராவை அணைத்துவைப்பது அவமரியாதை அல்ல. என்ன முடிவானது, யார் எதைச் செய்ய வேண்டும் என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்பினால், ஏடிஎச்டி உள்ளவர் மட்டுமல்ல, கூட்டத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த மற்ற பாதிப்பேரும் பிழைத்துக்கொள்வார்கள்.

சத்தம், வெளிச்சம், வாசனை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், தீர்வுகள் எல்லோரும் அறிந்தவை என்பதால்: சத்தமில்லாத அறை, மினுக்காத விளக்கு, தினமும் மாறாத இருக்கை, வீட்டிலிருந்து வேலை. தடுப்புச் சுவர்கள் இல்லாத திறந்தவெளி அலுவலகத்தை ‘ஒத்துழைப்பு வளரும்’ என்று சொல்லி நியாயப்படுத்துபவர்களுக்கு மட்டும் ஒன்று. ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு நிறுவனங்களின் தலைமையகங்கள் திறந்தவெளிக்கு மாறிய பிறகு நேருக்கு நேர் பேச்சு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. சுவரை இடித்ததும் மனிதர்கள் ஹெட்போனால் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். அந்தக் கூடத்தில் ஆட்டிசம் உள்ளவர் படும் அவதி மற்றவர்களுடையதன் தீவிர வடிவம்தான்.

இது சலுகையா?

‘அவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்’ என்பது மனிதவளத் துறையின் நிரந்தரப் பல்லவி. எல்லோரும் கேட்கட்டும். எழுத்தில் வரும் பணிக்குறிப்பையும் அமைதியான இரண்டு மணி நேரத்தையும் எல்லோரும் கேட்டால் நிறுவனம் என்ன இழக்கப்போகிறது? செலவு என்ற வாதமும் நிற்காது. அமெரிக்காவில் இத்தகைய மாற்றங்கள் பற்றி முதலாளிகளுக்கு ஆலோசனை வழங்கும் ஜாப் அகாமடேஷன் நெட்வொர்க் பல ஆண்டுகளாக நடத்திவரும் கணக்கெடுப்புகளில், செய்யப்பட்ட மாற்றங்களில் ஏறக்குறைய பாதிக்குச் செலவே ஆகவில்லை என்று முதலாளிகளே சொல்லியிருக்கிறார்கள். சட்டமும் இதைத் தயவு என்று பார்ப்பதில்லை. ஐநா 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. மாற்றுத்திறனாளி என்ற சொல்லை ஏற்காத நரம்பியல் வேறுபாட்டினரும் உண்டு. அந்த விவாதம் முடியும்வரை அவர்களின் உரிமை காத்திருக்க வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: தேவைகள் மோதிக்கொள்ளும். ஒருவருக்கு முழு அமைதி வேண்டும். அருகில் இருப்பவருக்குக் காலை ஆட்டிக்கொண்டோ முணுமுணுத்துக்கொண்டோ இருந்தால்தான் கவனம் நிற்கும். ஒருவருக்கு நீண்ட, விவரமான எழுத்துக் குறிப்பு வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள சக ஊழியருக்கு அதே குறிப்பு ஒரு மலை, அவருக்குக் குரல்பதிவு போதும். ஒருவர் முகத்துக்கு நேரே ‘இது தவறு’ என்று சொல்வார். அதைக் கேட்பவர் விமர்சனத்தால் ஒரு வாரம் உறக்கம் இழப்பவர். இங்கே பட்டியலைப் பார்த்து டிக் போடும் மேலாளரால் ஒன்றும் செய்யமுடியாது. இரண்டு பேரையும் கேட்டு, இடத்தையோ நேரத்தையோ பிரித்து, சரிவரவில்லை என்றால் மாற்றி அமைக்க வேண்டும். யாருடைய நிலையையும் மற்றவருக்கு வெளியிடாமல் இதைச் செய்வதற்குக் கைத்தேர்ச்சி வேண்டும். நேரடியாகப் பேசுவது வேறு, புண்படுத்துவது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நரம்பியல் வேறுபாடு என்ற பெயரில் சக ஊழியரை இழிவுபடுத்தும் உரிமை யாருக்கும் வந்துவிடாது.

அதிமேதைக் கதையையும் இங்கேயே ஓரங்கட்டிவிடலாம். ‘இவர்களுக்கு மறைந்திருக்கும் ஒழுங்குகளைக் கண்டுபிடிக்கும் அபூர்வ ஆற்றல் உண்டு, நிறுவனத்துக்கு லாபம்’ என்ற விற்பனைப் பேச்சு நல்லெண்ணத்தில்தான் பிறக்கிறது. ஆனால் சராசரித் திறமையுள்ள ஆட்டிசம் கொண்டவர் அதனால் இரட்டிப்பாகத் தோற்கிறார்: மற்றவர்களைப் போலவும் இல்லை, மேதையாகவும் இல்லை. சராசரி ஊழியராக இருந்து ஓய்வுபெறும் உரிமை மற்றவர்களுக்கு இருக்கும்போது இவருக்கு மட்டும் ஏன் இல்லை? கணினித் துறைக்கு வெளியே நூலகத்திலும் சமையற்கூடத்திலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் கிடங்கிலும் இவர்கள் வேலை செய்கிறார்கள் என்பதும் அந்தக் கதையில் மறந்துபோகிறது.

பதவி உயர்வில்தான் எல்லாம் அம்பலமாகும். பெரும்பாலான நிறுவனங்களில் மேலே போக ஒரே ஏணி, ஆட்களை நிர்வகிப்பது. நுட்பமாக வேலை செய்பவரை அதிலிருந்து பிடுங்கி, நாளெல்லாம் கூட்டத்தில் உட்காரவைத்து, பிறகு ‘தலைமைப் பண்பு போதாது’ என்று எழுதுகிறார்கள். ஆட்களை மேய்க்காமலே சம்பளமும் மரியாதையும் உயரும் இரண்டாவது பாதை இருந்தால், அதை விரும்பி எடுக்கும் கூட்டம் நரம்பியல் வேறுபாட்டினரோடு நிற்காது. அதே சமயம், ஆட்களை நடத்த விரும்பும் ஏடிஎச்டி மேலாளரை ‘உங்களுக்கு இது சரிவராது’ என்று அந்தப் பாதைக்குத் தள்ளிவிடவும் கூடாது. மதிப்பீட்டுப் படிவத்தில் ‘அணியோடு ஒத்துப்போகிறாரா’, ‘உற்சாகமாகக் காணப்படுகிறாரா’ என்ற வரிகளை அடித்துவிட்டு, என்ன செய்தார் என்பதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, அடிக்கடி எல்லாவற்றையும் கவிழ்ப்பது மேலாளர் மாற்றம். நல்ல மேலாளர் ஒருவர் வாய்மொழியாகச் செய்து கொடுத்த ஏற்பாடுகள் அவர் வேறு துறைக்குப் போன அன்றே ஆவியாகிவிடும். புதியவர் வந்து, ‘காலை பதினொன்றுக்கு ஏன் வருகிறீர்கள்?’ என்று கேட்பார். ஆகவே ஒவ்வொரு ஊழியரும், நரம்பியல் வேறுபாடு உள்ளவர் மட்டும் அல்ல, மேலாளர் உட்பட எல்லோரும், தாம் வேலை செய்யும் விதம் பற்றி ஒரு பக்கம் எழுதி வைக்கலாம்: ‘திடீரென்று அழைக்காதீர்கள், எதற்கு என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அழையுங்கள், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை குறுக்கிடாதீர்கள், தவறு இருந்தால் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்.’ மருத்துவக் காரணம் எதுவும் அதில் இருக்க வேண்டியதில்லை. ஒப்புக்கொண்ட ஏற்பாடுகளைத் தேதியோடு அதன் கீழே குறித்து இருவரும் கையெழுத்திட்டு வைத்தால், புதிய மேலாளர் பொறுப்பேற்கும் நாளில் கோப்புகளோடு சேர்த்து அந்தப் பக்கங்களையும் ஒப்படைக்க வேண்டியது பழைய மேலாளரின் கடமை ஆகிவிடும். ஊழியர் மறுபடி முதலிலிருந்து தன்னை விளக்கி அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.